லாக் அண்ணனின் பின் அச்சு

மலைமேல் இருக்கும் ஆறு மருத்துவ நிலையங்களுக்கு நர்ஸையும் மருந்தையும் ஏற்றிப்போகும் ஜீப்புக்குப் பதினான்கு வருடமாக ஒரே டிரைவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. வாயிற்காவலர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் லாக் அண்ணன்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டும். அதற்காகச் சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் விடும் பல்சக்கரப் பெட்டி ஒன்று அச்சின் நடுவில் இருக்கிறது. ரோட்டில் அது நல்ல பிள்ளை. சேற்றிலோ, எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறதோ அதற்கே எஞ்சின் பலத்தையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். அந்தப் பெட்டியைப் பூட்ட ஒரு பட்டன் உண்டு, அதுதான் லாக். அதைப் போட்டால் இரண்டு பின்சக்கரங்களும் ஒட்டிப் பிறந்தவை போல ஒன்றாகத்தான் சுற்றும். அதே ஜீப்பில் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் உண்டு. சும்மா சுற்றும் சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து, பலத்தை மற்றதற்குத் திருப்பும். லாக் விழுந்தால் இது அணைந்துவிடும்.

அணைவதுதான் நல்லது என்பது அண்ணனின் கட்சி. "நடக்கிறவன் காலைத் தட்டிவிட்டு ஓடுன்னு சொல்ற மாதிரி இருக்கு. பிரேக்கைப் புடிச்சா வண்டி எப்படிப் போகும்?"

சேறு கண்ணில் பட்டாலே விரல் லாக் பட்டனுக்குப் போய்விடும். டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரியும். அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். "கேக்குதா சிஸ்டர்? லாக்கோட பல்லு கடிக்குது" என்பார். ஜீப்பும் ஏறிவிடும். ஒருநாள்கூட ஏறாமல் இருந்ததில்லை.

இந்த மழைக்காலத்துக்கு முன் புது உத்தரவு வந்தது. மலை வண்டி ஓட்டுகிறவர் சோதனையில் தேற வேண்டும். தேறாதவருக்கு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் அழுக்குத் துணிமூட்டை சுமக்கும் மூன்று சக்கர வண்டி. அந்த வண்டி போகும் வழியில்கூட அண்ணன் நிற்கமாட்டார்.

சோதனைக்கு வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரி பணிமனையில், முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். பணிமனை மெக்கானிக் அண்ணனின் மைத்துனன், மனைவியின் தம்பி. வழக்கமாக வாய் ஓயாதவன், அன்று ஜாக்கியைத் தேடவே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

"லாக் போடுங்க."

அண்ணன் போட்டார். விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து, தூக்கிய சக்கரத்தை ஒற்றைக் கையால் தள்ளினார். அது ராட்டினம் போலச் சுற்றியது.

லாக் விழுந்திருந்தால் அசைந்திருக்கவே கூடாது. அது அண்ணனுக்குத் தெரியும். பட்டனை அணைத்து மறுபடி போட்டார். விளக்கு எரிந்தது. சக்கரம் சுற்றியது.

இன்ஸ்பெக்டர் அடியில் படுத்து டார்ச் அடித்தார். "வயர் வெட்டியிருக்கு. டேப் சுத்தி அழகா மடிச்சு வச்சிருக்கு. விளக்குக்கு மட்டும் தனியா கனெக்‌ஷன் குடுத்திருக்கு. யார் வேலை?"

மைத்துனன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. எட்டு வருஷம் ஆச்சு."

"என்னடா எட்டு வருஷம்?"

"அச்சு ஒடிஞ்சுது பாருங்க, கொண்டை ஊசி வளைவுல. நீங்க லாக்கை எடுக்காமலே சிமென்ட் ரோட்டுல திருப்பினீங்க. வண்டி திரும்பாம பள்ளத்தைப் பாத்து நேரா போச்சு. ரெண்டு நர்ஸும் உள்ள இருந்தாங்க. அச்சு ஒடிஞ்சதாலதான் நின்னுது. மட்டமான இரும்பு, அதான் ஒடிஞ்சுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நானும் ஆமான்னுட்டு, வயரை வெட்டிட்டேன்."

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து அந்த வயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அப்ப இத்தனை வருஷம் ஏறினது?"

"டிராக்‌ஷன் கன்ட்ரோல், மாமா. லாக் விழுந்தாத்தானே அது அணையும்."

"அந்தக் கடகட?"

"பிரேக்கு புடிச்சுப் புடிச்சு விடுற சத்தம்."

எட்டு மழைக்காலம். கேக்குதா சிஸ்டர் என்று எத்தனை முறை. அண்ணன் அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "வயரை ஒட்டு, விளக்கையும் பழையபடி மாத்து. ஒட்டின வண்டியிலதான் சோதனை."

"லாக் நல்லாத்தான் இருக்கும் மேடம். வருஷா வருஷம் கிரீஸ் வச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றான் மைத்துனன். அந்த நிலையிலும் ஒரு தொழில் பெருமை.

பணிமனைக்குப் பின்னால் ஒரு சேற்றுச் சரிவு, அதன் உச்சியில் சிமென்ட் வளைவு, வளைவை ஒட்டி மதில். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பட்டன் பக்கம் விரல் போகவில்லை. பாதிச் சரிவுவரை கடகடவென்று ஜீப் ஏறியது. இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்கவே அவருக்குக் கூசியது. பாதியில் ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் குழியில் தொங்க, கடகட என்றதே தவிர வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை விட்டார். சக்கரங்கள் முழுக்க நிற்கும்வரை காத்திருந்தார். சுற்றும்போது லாக் போட்டால் பல் உடையும். பட்டனை அழுத்தினார்.

எந்தச் சத்தமும் இல்லை. ஜீப் முணுமுணுப்புக்கூட இல்லாமல், ஆமைபோல மேலே ஊர்ந்தது. நிஜமான லாக் இத்தனை அமைதியானது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

உச்சி வந்தது. சிமென்ட். எட்டு வருடப் பழக்கத்தில் கை ஸ்டீயரிங்கை ஒடித்தது. பொய் லாக்கில் திருப்பித் திருப்பியே வளர்ந்த கை. ஜீப் கேட்கவில்லை. மதிலைப் பார்த்து நேராகப் போனது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். பம்பருக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டு சாண்.

பட்டனை அணைத்தார். விளக்கு அணையவில்லை, இறுகிய பல் சும்மா விடாது. ஸ்டீயரிங்கை நேராக்கி ஒரு முழம் பின்னால் வந்தார். அணைந்தது. அதன் பிறகுதான் திருப்பினார்.

இறங்கியபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "இன்னிக்கு நின்னீங்க. அன்னிக்கு ஏன் நிக்கல?"

"வண்டி திரும்பும்னு நெனச்சேன் மேடம். கடைசி வரைக்கும் நெனச்சேன். இரும்பு நல்ல இரும்புதான்."

எழுதுவது நின்றது. "அதைத் தனியா எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். ஒட்டின வயரும் அப்படியே இருக்கட்டும்."

அண்ணன் தள்ளிப்போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"பாஸாயிட்டேன். உன் தம்பி என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? இன்னிக்குத்தான் வயரை ஒட்டினான், எட்டு வருஷம் லாக்கே இல்லாம..."

"தெரியும்" என்றாள். "நான்தான் வெட்டச் சொன்னேன்."

அண்ணன் போனை மறு காதுக்கு மாற்றினார். "நான் வீட்டுக்கு வந்ததும் இன்னிக்கு லாக் போட்டீங்களான்னு கேப்பியே. தினமும் கேப்பியே."

"கேப்பேன். நாலு தடவை போட்டேன், அஞ்சு தடவை போட்டேன்னு சொல்லுவீங்க. சிரிப்பை அடக்கிக்கிட்டு நிம்மதியா தூங்குவேன். இனிமே எப்படித் தூங்குறதுன்னுதான் தெரியல."