நான் பக்கத்தில் நின்றால் வராத பிழை

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் சி மொழியில் எழுதிவிட்டுப் போன புரோகிராம்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தலைவலி ஒன்றுமில்லை என்றார்கள். நானும் நம்பினேன்.

அங்கே வால்வுகளைச் சோதிப்பவர் ஒருவர், திருமுல்லைவாயிலிலிருந்து சைக்கிளில் வருவார். ஒவ்வொரு வால்விலும் அழுத்தம் ஏற்றி, கசிகிறதா என்று பார்த்து, அளவைக் கம்ப்யூட்டரில் தட்டுவார். புரோகிராம் அதை ஃபைலில் எழுதும். சில நாள் மட்டும் சாயங்காலம் தட்டிய அளவுகள் ஃபைலில் இருக்காது. சோதிக்காமலேயே வால்வுகளை அனுப்பிவிடுகிறார் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். புரோகிராமில் கோளாறு இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் சோதிப்பவரின் சீட்டு கிழிந்துவிடும்.

வரிவரியாகப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. சரி என்று அவர் பக்கத்திலேயே போய் நின்றேன். நான் நின்ற நாளெல்லாம் அத்தனை அளவும் பத்திரமாக இருந்தது. நிற்காத நாளில் மறுபடி காணோம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நீ கூட நின்னா நான் யோக்கியன், அப்பால போய்ட்டா திருடனா? இன்னாம்மா நாயம் இது?" என்றார்.

சுருக்கென்றது. மறுநாள் எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். அவர் ஒரு வால்வு விடாமல் சோதித்தார், தட்டினார். ஷிஃப்ட் மணி அடித்தது. எழுந்து சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தட்டுகிற அளவுகளை அந்தப் புரோகிராம் கொஞ்ச நேரம் நினைவில்தான் வைத்திருக்கும். ஒரு பெட்டி வால்வு முடிந்தாலோ, யாராவது கீபோர்டில் அதற்கென்று உள்ள விசையை அழுத்தி புரோகிராமை விட்டு ஒழுங்காக வெளியே வந்தாலோதான் ஃபைலில் எழுதி மூடும். பாதிப் பெட்டியில் மணி அடித்துக் கரன்ட் போனால் எல்லாம் போச்சு. அப்படி ஒரு விசை இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லவில்லை. மணி அடித்ததும் மெயினை அணைக்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட உத்தரவு. நான் நின்ற நாட்களில், ஃபைலைப் பார்க்கிற அவசரத்தில் அந்த விசையை அழுத்தியது நான்.

ஒவ்வொரு அளவுக்கும் ஃபைலைத் திறந்து, எழுதி, உடனே மூடும்படி மாற்றினேன். அதற்குப் பிறகு ஓர் அளவும் தொலையவில்லை. மேனேஜர் "அப்படியா" என்றார், அவ்வளவுதான். சோதிப்பவரிடம் போய் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வால்வை எடுத்தார்.

'ஆள் பக்கத்தில் நின்றால்தான் அவன் ஒழுங்காக வேலை செய்வான்' என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், பக்கத்தில் நின்ற ஆளின் கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன்.