வெறுங்காலுக்கு எட்டாத வண்டி

எங்கள் கம்பெனி பஸ் ஆரணிப் பக்கம் (பட்டுச் சேலை ஆரணி அல்ல, கும்மிடிப்பூண்டிக்குக் கிட்ட இருக்கும் எங்கள் சின்ன ஆரணி) வருவதை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோதுதான், காது மயிர் நரைத்த வயதில், முதல் மோட்டார் சைக்கிள் வாங்கும் நிலை எனக்கு வந்தது. ஷிப்டு நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது; வண்டி இல்லையென்றால் கம்பெனி இருக்கும் கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்து நான் மட்டும் தங்க வேண்டும். என் மனைவிக்கு ஆரணியிலேயே பள்ளிக்கூட வேலை.

"தனியா உட்டா மூணு வேளையும் பரோட்டாதான் சாப்பிடுவீங்க. வண்டியே வாங்குங்க. ஆனா நீங்க ஓட்டறத நான் கண்ணால பாக்கணும். சரிப்படலன்னா ரூம்தான்" என்றாள்.

நான் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன். ஒரு போல்ட்டைக்கூட அளக்காமல் வெளியே விட்டதில்லை. வண்டியையும் அப்படியே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வரும் சக ஊழிய நண்பர் ஒருவர் வழி சொன்னார்.

"மைலேஜு, பிக்கப்பெல்லாம் அப்பால பாத்துக்கலாம் நைனா. புதுசா ஓட்றவனுக்கு ரெண்டு காலும் தரையில பரக்க ஊனணும். அதான் மொத விசயம்."

சாப்பாட்டு இடைவேளையில் ஒர்க் ஷாப் சுவரோரம் என்னை நிறுத்தி, தொடைகளுக்கு நடுவே ஒரு இரும்பு ஸ்கேலைச் செருகி, தரைவரை டேப் பிடித்தார். "நெட்டா நில்லு" என்றார். சந்தேகம் கூடாது என்று இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். அதே அளவு வந்தது. டேப்பும் அண்மையில்தான் சரிபார்க்கப்பட்டது. நிம்மதியாக இருந்தது.

ஷிப்டு முடிந்ததும் அப்படியே இருவரும் ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் முதலில் காட்டிய வண்டியில் குதிரை மேல் ஏற்றிவிட்ட மாதிரி தொங்கினேன். "காலேஜ் பசங்க லுக்கு சார்" என்றார். எனக்கு லுக்கு வேண்டாம், தரை வேண்டும் என்றேன். கடைசியில் ஒரு கறுப்பு வண்டியில் இரண்டு குதிகாலும் பதிந்தன. இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, மேசையிலிருந்த விசிட்டிங் கார்டை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை.

"வண்டி வாங்கறவங்க டயரத்தான் ஒதைச்சுப் பாப்பாங்க. கார்டு உட்டுப் பாத்த மொத ஆளு நீங்கதான் சார்" என்றார் விற்பனையாளர்.

பதிவெண் வருவதற்குள், நண்பரின் பழைய வண்டியில் தொழிற்பேட்டையின் உள்சாலைகளில், டிரெய்லர் லாரிகளுக்குப் பயந்து பயந்து ஓட்டப் பழகினேன். உரிமமும் கிடைத்தது.

பூசைக்கு முன் நான் புது வண்டியில் ஏறக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. அதனால் நண்பர்தான் அம்மன் கோயில் வாசல்வரை ஓட்டிவந்தார். மனைவியும் நானும் அங்கே காத்திருந்தோம். பூசாரி சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"ஷூவ கழட்டிட்டு ஏறுங்க. ஆத்தா பாத்துக்கினு இருக்கா."

கழற்றிவிட்டு ஏறினேன். ஸ்டாண்டை எடுத்ததும் குதிகால்கள் காற்றைத் துழாவின. தரை இருந்த இடத்தில் தரை இல்லை.

"வண்டி உசந்துபோச்சு" என்றேன் நண்பரிடம். "டேப் வெச்சிருக்கீங்களா?"

அவர் என் காலைப் பார்த்தார். கழற்றிவைத்த ஷூவைப் பார்த்தார். கம்பெனியில் எல்லோருக்கும் கொடுக்கும், தடித்த அடிப்பாகமும் இரும்பு முனையும் கொண்ட பாதுகாப்பு ஷூ அது.

"வண்டி வளரல நைனா. நீதான் கொறஞ்சிட்ட."

அளந்தபோதும் ஷூ. ஷோரூமிலும் ஷூ. பழகியதும் ஷூவோடு. எங்கள் கம்பெனியில் யாரும் யாருடைய வெறுங்காலையும் பார்த்ததில்லை.

"நல்ல நேரம் போவுது, நவுத்துங்க!" என்றார் பூசாரி. நண்பர் ஒரு பக்கமும், தட்டை ஏந்திய கையோடு பூசாரி மறுபக்கமும் பிடித்துக்கொள்ள, கிளட்சை விட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நிறுத்தினால் விழுவேன், ஆகவே நிறுத்தவில்லை. கற்பூரத் தட்டோடு பூசாரி கூடவே ஓடிவந்தார். மூவரும் ஊர்வலமாகப் போய், பிரேக் பிடித்த இடத்தில், பூக்காரம்மாவின் பலகை மேல் சாய்ந்தோம்.

"பூ வேணும்னா எறங்கி வந்து கேளுய்யா!" என்று அவர் கத்தினார்.

மனைவி நின்ற பக்கம் நான் திரும்பவில்லை. கும்மிடிப்பூண்டி அறை, ஒரு பாய், ஒரு பக்கெட் எல்லாம் கண்ணில் தெரிந்தன. அவள் ஷூவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"போடுங்க. தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வாங்க."

போய் வந்தேன். அவள் எதிரில் நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றினேன். வண்டி அசையவில்லை. அவள் குனிந்து என் குதிகால்களைப் பார்த்துவிட்டு, நண்பரிடம் திரும்பினாள்.

"கம்பெனில இந்த ஷூ இல்லாம உள்ள உடுவாங்களா?"

"கேட்டுலயே நிறுத்திடுவான் அண்ணி."

சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப சரி. வேலைக்கு வண்டில போங்க. கோயிலுக்கு பஸ்ல வருவோம்."