காற்று போனாலும் ஓடும் டயர்

மோகனப்பிரியாவிடம் காரணம் சொல்லித் தப்பித்தவர் யாரும் கிடையாது. கடலூரில் வண்டி இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிற எங்கள் ஆபீஸில் அவள் எனக்குப் பக்கத்து சீட். "நாய் குறுக்க வந்துடுச்சு மேடம்" என்று யாராவது ஆரம்பித்தால், தலை நிமிராமலே "என்ன கலர் நாயி?" என்பாள். புளுக வந்தவன் சட்டென்று கறுப்பு என்று சொல்லிவிடுவான். நிஜமாகவே நாயை இடித்தவன் பாவம், யோசிப்பான். யோசிக்கிறானே என்று அவன்மேல் சந்தேகம் வந்துவிடும் அவளுக்கு.

தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவள் செவுளை விரலால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்ப்பாள். மீன் விற்கிற பெண்கள் அவள் காதுபடவே "சிஐடி வருது" என்பார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவளுக்குப் புருஷனாக இருப்பவர் பாடு கஷ்டம்தான் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்தப் புருஷன் மணிவண்ணன், படகு என்ஜினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒரே பைத்தியம் கார். பாண்டிச்சேரியில் யாரோ வெளிநாடு போகும்போது விற்ற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வைத்திருந்தார். தரையோடு தரையாகக் கிடக்கும். வேகத்தடை வந்தால் கோணலாகத்தான் ஏற்றி இறக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் அதில் சிதம்பரத்துக்கு ஆர்டர் எடுக்கப் போவார், லேட்டாக வருவார். கேட்டால் பஞ்சர் என்பார். பாதி நாள் பிச்சாவரம் ரோட்டில் வண்டியை விரட்டிப் பார்த்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். மீதி நாள் நிஜமாகவே பஞ்சர்தான். இது ஊருக்கெல்லாம் தெரியும். நானே அவளிடம் சொல்லியும் பார்த்தேன். "உங்களயும் நம்ப வெச்சிருக்காரு பாருங்க" என்றாள்.

"சிதம்பரத்துல யாரோ இருக்காக்கா" என்று ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அழுதாள். அம்மா வீட்டுக்குப் போய்விடப் போவதாகவும் சொன்னாள். ஒன்றுமில்லாததற்கு ஒரு குடும்பம் உடைந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

அந்தச் சமயத்தில்தான் காரின் நாலு டயரும் தேய்ந்தன. பாண்டிச்சேரி டயர் கடைக்கு அவளும் கூடவே போனாள். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். சாதாரண டயர் மெத்தென்று ஓடும், விலையும் குறைவு, எந்த ஊரிலும் பஞ்சர் ஒட்டலாம். ஆனால் இந்தக் காரில் ஸ்டெப்னி வைக்க இடமே இல்லை. நடுவழியில் காற்று போனால் ஆள் வரும்வரை நிற்க வேண்டியதுதான். இன்னொன்று ரன்-ஃபிளாட். அதன் பக்கச்சுவர் அவ்வளவு கெட்டி. காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கும். எண்பது கிலோமீட்டர் தூரம் ஓட்டிவிடலாம், வேகம் மட்டும் எண்பதைத் தாண்டக் கூடாது.

"சாதாரணமே போடுங்க," என்றார் மணிவண்ணன். "நம்ம ரோட்டுல அந்தக் கெட்டி டயரு தூக்கித் தூக்கிப் போடும். ஆணி ஏறுனா டயரையே மாத்தணும், செலவும் ஜாஸ்தி."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதுதான் அவளை உறுத்தியது. இந்தக் காருக்கென்றால் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிற மனுஷன் இன்றைக்கு மட்டும் ஏன் சிக்கனம் பேசுகிறார்?

"காத்து போயிட்டா, சிதம்பரத்துலேர்ந்து கடலூர் வந்துடலாமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"தாராளமா வரலாம் மேடம். மெதுவா ஓட்டிட்டு வரணும், அவ்ளோதான்."

"அப்ப அதையே போடுங்க."

மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "இனிமே பஞ்சருங்கற பேச்சே அவரு வாயில வராதுக்கா. ஏழு மணிக்கு வீட்ல இருக்கணும்னு சொல்லிட்டேன்." நான் சிரித்துவிட்டேன். ரப்பரைப் பார்த்து, விலையைப் பார்த்து டயர் வாங்குகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பஞ்சர் பேச்சு வரவில்லை. மணிவண்ணன் சனிக்கிழமை ஏழு மணிக்குள் வீடு திரும்பினார். இடுப்பு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டார். அந்த வலியையும் அவள் நம்பவில்லை.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் அந்தக் கார் நடுத்தடுப்பில் மோதியது. பின்பக்க டயர் ஒன்று நார் நாராகக் கிழிந்து, வெறும் ரிம்தான் மிஞ்சியிருந்தது. மணிவண்ணனுக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். உயிர் தப்பியதே பெரிது என்றார் டாக்டர்.

சொந்த வண்டியின் கிளெய்ம் என்பதால் அவள் அதைத் தொடக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள். வழக்கம்போல் டயர் கடைக்காரரை விசாரித்தேன்.

"அன்னிக்கு சாயங்காலம் சிதம்பரம் தாண்டி நின்னுக்கிட்டு போன் பண்ணாரு மேடம்," என்றார் அவர். "காத்து போயிடுச்சுன்னு லைட் எரியுது, நூத்திப் பத்துல போனா தாங்குமான்னு கேட்டாரு. தாங்காது சார், மெதுவா போங்கன்னேன். மெதுவா போனா ஏழு மணி தாண்டிடுமேன்னாரு."

அதைக் கேட்டு எனக்கே சந்தேகம் தட்டியது. நானும் அந்த வேலையில் ஊறியவள்தானே. டயர் தாங்காது என்று தெரிந்தும் ஒருவர் அப்படி ஓட்டுவாரா?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அவள் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"டயர் கடைக்காரருக்குப் போன் பண்ணவரு உனக்கு ஏன் பண்ணல பிரியா? லேட்டாகும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நானும் அதேதான் கேட்டேன்க்கா," என்றாள். "பஞ்சருன்னு சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியான்னாரு."

"நீ என்ன சொன்னே?"

பிளாஸ்க் மூடியை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"என்னத்தச் சொல்றது. நம்பியிருக்க மாட்டேன்."