மணி அடிக்காத மூன்றாம் நம்பர் மிஷின்

நேற்று காலை கேட் கீச்சிடுகிறதென்று கீலுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். மிஷின் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகியதும் வாசனை மூக்கில் ஏறியது. உங்களுக்கு இந்த வாசனையில் தையல் மிஷின் ஞாபகம் வரலாம். எனக்கு வேப்பிலை ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு அம்மை போட்டிருந்த நாட்கள்தான் சம்பந்தம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அதற்குமுன் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் லீவு கேட்டால் முதலாளி என் முகத்தையும் சுவர்க் காலண்டரையும் மாறி மாறிப் பார்ப்பார். இனி லீவுக்காக எவர் முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்து, திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தேன். முன்கூடத்தில் நான்கு பழைய மிஷின்கள். பின்னால் ஓர் அறை, அதில் நான். சொந்தத் தொழிலில் லீவு கேட்க வேண்டியதில்லைதான். கொடுக்கவும் ஆள் கிடையாது என்பது எட்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

அரசாங்கப் பரீட்சைக்கு நான்கு வாரம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் மார்பில் முத்து முத்தாகக் கொப்புளம். வீட்டுக்காரர் மனைவி பங்கஜத்தம்மாள் எட்டிப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நேரே போய் வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். வேப்பிலையைப் பார்த்த மாணவர்கள் சந்து முனையிலேயே திரும்பிப் போனார்கள். அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை கதவைச் சாத்தினால், அத்தனை பேரும் மெயின் கார்டு கேட் பக்கம் இருந்த பெரிய இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். அப்புறம் நான் ஆலை வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அந்தக் காலண்டரை நினைத்தபோது அரிப்புகூட மறந்துபோயிற்று.

படுத்துக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏற்கெனவே அம்மை வந்து போனவர்களுக்கு மறுபடி வராது என்பார்கள். அவர்கள் மட்டும் வரட்டும். நான் அறையைவிட்டு வெளியே வராமல் காதால் பாடம் நடத்துகிறேன். எழுத்து விழும் சத்தத்திலேயே எந்த விரல் சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று எனக்குத் தெரியும். சுண்டு விரலால் அடிக்க வேண்டியதை மோதிர விரலால் அடித்தால் சத்தம் தடிமனாகக் கேட்கும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பங்கஜத்தம்மாள் முதலில் ஒப்பவில்லை. "ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இந்த வீட்ல போய் டக்கு டக்குன்னு அடிச்சா அவளுக்கு ஆகுமா தம்பி?" என்றார்.

"பரீட்சை போச்சுன்னா கடையும் போச்சுங்க. என்னால மறுபடி அந்த ஆலைக்குப் போக முடியாது."

அவர் வாசல் வேப்பிலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, வந்து போனவங்க மட்டும்னா வரச் சொல்லுங்க. சமயபுரத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

அப்படி ஐந்து பேர் கிடைத்தார்கள். பெரிய கடைத்தெருவில் இரும்புக் கடையில் வேலை பார்த்த காதர் காலையில் கதவைத் திறப்பார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் வேதவல்லி மத்தியானம் தனியாக மூன்றாம் நம்பரில் உட்காருவாள். அவளுடைய அப்பா தவறிப்போய், வேலைக்குப் போயே தீர வேண்டிய நிலை. நான் உள்ளே வாழையிலையில் படுத்தபடி, "இடது சுண்டு விரல், அழுத்தி" என்று கத்துவேன். கத்தினால் தொண்டையில் இருந்த கொப்புளம் எரியும். எரிந்தால் எரியட்டும் என்று அடுத்த வரிக்கும் கத்துவேன்.

ஆறேழு நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் வேதவல்லியின் மிஷினில் வரி முடியும்போது வரும் மணிச் சத்தமே கேட்கவில்லை. பாதி வரியில் நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறாள் என்று நினைத்து வாயில் வந்தபடி திட்டிவிட்டேன். அவள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "மணியே அடிக்கமாட்டேங்கறது சார். உள்ளே பூரா மஞ்சளா இருக்கு" என்றாள்.

விசாரித்தால், சத்தத்துக்குப் பரிகாரமாகப் பங்கஜத்தம்மாள் தினமும் கூடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார். கூடத்தில் இருந்த மிஷின்களை மட்டும் ஒதுக்குவானேன் என்று அவற்றுக்கும் ஒரு கை. என் அறைக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாம் நம்பருக்குக் கூடுதல் அபிஷேகம். கோபத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாளோ ஒன்றும் புரியாமல், "நீங்க எந்திரிக்கணும்னுதானே தம்பி தெளிச்சேன். உங்க மிஷினும் நல்லாருக்கட்டும்னுதான்" என்றார். திரும்பப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் உள்ளிருந்து ஒவ்வொரு பாகமாகச் சொல்லச் சொல்ல, காதர் மண்ணெண்ணெயில் துடைத்து மிஷின் ஆயில் விட்டார். வேப்பிலையும் எண்ணெயும் கலந்த வாசனை வீடெல்லாம். மூன்று மிஷின்கள் பிழைத்துக்கொண்டன. மூன்றாம் நம்பர் ஓடியது, ஆனால் மணியைத் தட்டும் சின்ன நாக்கு துருவில் இறுகி அசையவே இல்லை.

அதனால் நானே மணி ஆனேன். வேதவல்லி அடிக்க அடிக்க எழுத்துச் சத்தத்தை எண்ணிக்கொண்டே வருவேன். வரி முடியும் இடத்தில் டம்ளரால் சுவரில் ஒரு தட்டு. முதல் தண்ணீர் ஊற்றும்வரை எல்லா வரிக்கும் தட்டினேன். அதற்குப் பிறகு அவள் தாண்டிப் போனால் மட்டும். மூன்றாம் தண்ணீர் வந்தபோது டம்ளருக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

பரீட்சைக்கு நம் மிஷினை நாமே கொண்டுபோக வேண்டும். நான்கையும் குதிரை வண்டியில் ஏற்றி, சாக்கால் மூடி, முகத்தில் தழும்போடு நானும் ஏறிக்கொண்டேன். வேறு மிஷின் எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு வேதவல்லி, "பழகினதே போறும் சார்" என்றுவிட்டாள். பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே மாற்றி மாற்றி மணிகள் அடித்தன. அடிக்காத ஒன்றுக்காக நான் விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

அவள் பாஸ் செய்தாள். என் காதை நம்பி வந்த காதர் ஸ்பீட் பேப்பரில் தோற்று, அடுத்த தடவை தேறினார். முடிவு வந்த வாரம் பங்கஜத்தம்மாள் தன் பெண்ணையே கொண்டுவந்து சேர்த்தார். பிறகு ஆலைப் பக்கம் நான் போகவே இல்லை.

இப்போது அந்தச் சந்தில் டைப் அடிக்கும் சத்தம் இல்லை. கூடம் இருந்த இடத்தில் மருந்துக் கடை இருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டைப் பார்த்து வெகு நாளாகிறது. பங்கஜத்தம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்ற மூன்று மிஷின்களைக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நம்பர் மட்டும் பரணில் இருக்கிறது.

கேட்டுக்கு விட்டது போக எண்ணெய் மிச்சம் இருந்தது. மிஷினை இறக்கித் துடைத்தேன். அடியில், துணி எட்டாத இடத்தில் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. மணியைச் சரிசெய்ய எத்தனையோ மெக்கானிக்குகள் கேட்டார்கள், நான்தான் விடவில்லை. எனக்காக ஒருத்தர் வேண்டிக்கொண்டதற்கு வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை. காகிதம் செருகி ஒரு வரி அடித்தேன். வரி முடிந்த இடத்தில் என் இடது கை தானாக எழுந்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது.