அண்ணா பெயர் சொல்லாமல் விட்ட பாட்டு

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நீங்கள் இதை வாசிக்கும் நாளோடு எங்கள் அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து முப்பத்தொரு நாள். அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டு மூன்று வாரமாகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அச்சகத்தார் நேற்று இரண்டு தடவையும் இன்று காலை ஒரு தடவையும் அழைத்துவிட்டார்கள். பிறந்த இடம், செய்த தொழில், நல்ல குணங்கள் என்று எழுதிக்கொண்டு போனால் ஓரிடத்தில் கை நின்றுவிடுகிறது. எழுந்து நடக்கிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன், மறுபடியும் அதே இடம்தான். அதைத் தாண்டிப் போக எனக்கு உரிமை இல்லை. ஆகவே அதையும் எழுதுகிறேன்.

அண்ணா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். எங்கள் அப்பா கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலையில் எழுதுவினைஞராக இருந்தார். அண்ணா உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாதத்தில் அப்பா திடீரென்று காலமானார். அப்போது அண்ணாவுக்குப் பதினெட்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து, எனக்குப் பன்னிரண்டு. பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே அண்ணா ஒரு ரெக்கோர்டிங் பாரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்வதானால், அது பாட்டுகளைக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் கடை. விருப்பமான பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் கசெட் தயாராக இருக்கும்.

அண்ணா அந்தத் தாள்களை வாசிக்கும் விதமே வேறு. “எல்லாம் சந்தோசப் பாட்டு, இந்த அஞ்சாவது மட்டும் ஏன் அண்ணை இப்பிடி?” என்று கேட்பார். வந்தவர் முதலில் சிரிப்பார், பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்குவார். ஒருமுறை மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகவிருந்த ஒரு பெண் கசெட்டின் இரு பக்கமும் ஒரே பாட்டைப் பதியச் சொன்னாராம். அண்ணா ஒன்றும் கேட்காமல் பதிந்து கொடுத்தார். “அவவிட்டைக் கேக்கக் கூடாது எண்டு விளங்கிச்சுது” என்று எங்களுக்குச் சொன்னார். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

அந்தக் கடையில் நின்றுதான் அண்ணா எங்கள் இருவரையும் படிப்பித்தார். கசெட் காலம் முடிந்து கடை மூடப்பட்ட பிறகு புதுக்கடைப் பகுதியில், நீதிமன்றங்களுக்கு அருகில், ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் சேர்ந்து கடைசிவரை அங்கேயே வேலை செய்தார். கிருலப்பனையில் அண்ணியைக் கைப்பிடித்து அங்கேயே குடியிருந்தார். ஒரே மகள். அம்மாவின் கடைசி நான்கு வருடங்களும் அவர் வீட்டில்தான் கழிந்தன. வெள்ளவத்தையில் என் வீடு பெரிது. ஆனாலும் அம்மா அங்கேதான் இருக்க விரும்பினார்.

கனடாவிலுள்ள அக்காவின் மகள்தான் இரண்டு வருடத்துக்கு முன் ஞாயிறு வீடியோ அழைப்பைத் தொடங்கினாள். எங்களுக்கு மாலை, அவர்களுக்குக் காலை. வாரத்துக்கு ஒருவர் தமக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொல்லி, அதோடு ஒட்டியிருக்கும் ஞாபகத்தையும் சொல்ல வேண்டும். “முதல்ல கதை, பிறகு பாட்டு. பாட்டு முதல் வந்தா ஒருத்தரும் கதையைக் கேக்கமாட்டீங்கள்” என்று விதி வைத்தவர் அண்ணா. எல்லோருடைய கதையையும் கேட்டார். தன் முறை வரும்போதெல்லாம் “எனக்கு என்ன அவசரம்” என்று மற்றவருக்கு விட்டுக்கொடுத்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் விடவில்லை.

அன்று அண்ணா சொன்னது இதுதான். தம்பியான எனக்கு அப்போது பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. நான் வெள்ளவத்தையில் டியூட்டரி வகுப்புக்குப் போயிருந்தேன். அது போர்க்காலம், ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த அண்ணா, கண்ணாடிக்குக் கீழே என் அட்டை கிடப்பதைக் கண்டார்.

“வெள்ளவத்தையில செக்கிங் நடக்குதெண்டு பஸ்ஸில வந்த சனம் கதைச்சது. வேர்த்த சேட்டை மாத்திக்கொண்டு தம்பியின்ர ஐசியை எடுத்துக்கொண்டு ஓடினனான். அவனிட்டைச் சேர்ப்பிச்சுப்போட்டுத் திரும்பி வரேக்கை சந்தியில மறிச்சு, ‘ஐடென்டி எக கோ?’, ஐசி எங்கையெண்டு சிங்களத்தில கேட்டாங்கள். என்ரை ஐசி கழட்டின சேட்டுக்குள்ள. அந்தச் சந்தியில குளிர்பானம் விக்கிற ஒரு கூல் பார் இருந்தது. அதில ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. என்னை ஜீப்பில ஏத்தேக்கை பாட்டு அரைவாசிதான். மிச்சத்தை மூண்டு நாளும் நான் மனசுக்குள்ள பாடிக்கொண்டிருந்தன். அந்தப் பாட்டு...”

அந்த இடத்தில்தான் நான் குறுக்கே பேசினேன்.

அண்ணா மூன்று நாள் தடுத்து வைக்கப்பட்டிருந்தது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த விடயம். ஆனால் நான் அறிந்திருந்த காரணம் வேறு. வெள்ளவத்தைக்குப் பாட்டுக் கேட்கப் போனவர், அட்டையை மறந்துவிட்டு நின்று பிடிபட்டார் என்று நானாகவே முடிவுகட்டினேன்; அண்ணா அதை மறுக்காததால் முப்பது வருடமாக அப்படியே நம்பியிருந்தேன். அந்த மூன்று நாளும் அம்மா படுக்கையில் விழுந்தார். நான் மாமாவோடு ஒவ்வொரு பொலிஸ் நிலைய வாசலாக ஏறி இறங்கினேன். பரீட்சையை ஒழுங்காக எழுதவில்லை, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இதை என் பிள்ளைகளுக்கும் சொல்லித்தான் வளர்த்தேன்.

“அண்ணா, கதையை மாத்தாதேங்கோ” என்றேன். “என்ரை ஐசி என்னோடதான் இருந்தது. அதைக் காட்டித்தான் அண்டைக்கு வீட்டை வந்தனான். நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டு பிடிபட்டனீங்கள். அதால என்ரை சோதினையும் போச்சுது. இப்ப பிள்ளையளுக்கு வேற கதை சொல்லுறீங்கள்.”

பதினாறு பேர் அந்த அழைப்பில் இருந்தார்கள். திரையின் சின்னச் சதுரத்துக்குள் அண்ணா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சரி தம்பி, அப்பிடியும் இருக்கும். அடுத்தாள் சொல்லுங்கோ.”

“மாமா, பாட்டு என்ன பாட்டு?” என்று அக்காவின் மகள் கேட்டாள்.

“பிறகு சொல்லுறன் பிள்ளை” என்றார். அவருடைய சதுரம் அணைந்தது.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அண்ணா உயிரோடு இருந்தார். இரண்டு தடவை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். அவர் எடுக்கட்டும் என்று இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை அவர் பேக்கரியில் பாண் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சு இறுக்குகிறது என்று கதிரையில் அமர்ந்தாராம். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறுதிச் சடங்கு நடந்த அன்று, டியூட்டரியில் என் பக்கத்தில் இருந்து படித்த நஸீர் வந்திருந்தான். அண்ணாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போனான்.

“ஒங்கட அண்ணன் நல்ல மனுசன்டா. அண்டைக்கு ஓடி வந்து ஒன்ட ஐசிய, கிளாஸுக்கு வெளிய நிண்ட எனக்கிட்டத்தான் தந்தாரு. மூச்சு வாங்குது, வேர்த்து ஊத்துது. ‘கிளாஸ் நடக்குது, அவனக் கொழப்ப வாணாம், நான் வந்தண்டு செல்ல வாணாம்’டு செல்லினாரு. அதான் ஒன்ட கொப்பி மேல வெச்சிட்டு ஒண்டும் செல்லல்ல.”

நஸீர் அட்டையை என் கொப்பியின் மேல் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. என் பையிலிருந்து விழுந்ததை எடுத்து வைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அதைக் காட்டிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அன்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “சோதினைக்கு முதல் தெரிஞ்சா நீங்கள் எழுதமாட்டீங்கள் எண்டு விட்டவர். பிறகு சொல்ல நாள் வரேல்லை எண்டவர்” என்றார். “அப்ப ஏன் இப்ப சொன்னவர்?” என்றேன். அண்ணி என்னைப் பார்க்காமல் சொன்னார்: “வயசு போட்டுது, இனிச் சொன்னா என்ன எண்டு நினைச்சவர். நீங்கள் கேட்டுச் சிரிப்பீங்கள் எண்டுதான் நினைச்சவர்.”

எந்தப் பாட்டு என்பது அண்ணிக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அண்ணாவின் தொலைபேசியில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பாட்டுகளையெல்லாம் தனியாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டேன். ஒன்றும் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சந்திக்கும் போனேன். கூல் பார் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக் கடை இருக்கிறது. அங்கு நிற்கும் பையன்கள் அப்போது பிறந்திருக்கமாட்டார்கள். பஸ்ஸில் பழைய பாட்டு ஒன்று ஒலித்தால், இதுவாக இருக்குமோ என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன். போன வாரம் அப்படி ஒரு பாட்டு அரைவாசிக்கு வந்தபோது என்னால் இருக்க முடியவில்லை. இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

கடந்த ஞாயிறு அழைப்பில் இதையெல்லாம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, “அண்ணா இருக்கேக்கை சொல்லியிருக்க வேண்டியது” என்றார். ஓம் என்றேன். அழைப்பு முடிந்த பிறகு அண்ணி தனியாக எடுத்து, “இதையும் புத்தகத்தில எழுதுங்கோ தம்பி. என்னெண்டு எழுதுறது எண்டு யோசியாதேங்கோ, நடந்தபடி எழுதுங்கோ” என்றார்.

நடந்தபடி எழுதிவிட்டேன். அண்ணா சொன்ன கதை உண்மை. நான் முப்பது வருடம் சொன்ன கதை பிழை. என் வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்கள் இந்தப் பக்கத்தைத் தங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அண்ணாவின் இறுதிக் காரியங்களில் எங்களோடு நின்ற கிருலப்பனை அயலவர்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்த புதுக்கடை நண்பர்களுக்கும், அம்புலன்ஸில் ஓடி வந்தவர்களுக்கும், கிரியைகளை முறையாக நடத்தித் தந்த ஐயருக்கும், தூர தேசங்களிலிருந்து வந்தவர்களுக்கும், வர இயலாமல் அங்கிருந்தே அழுதவர்களுக்கும், உண்மையைச் சொன்ன நஸீருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னுமொரு வேண்டுகோள். உங்களில் யாரிடமாவது, கடையிலோ பயணத்திலோ, அந்தப் பாட்டு எதுவென்று அண்ணா சொல்லியிருக்கலாம். தெரிந்தவர்கள் எனக்கு அறிவிக்க வேண்டாம், அண்ணியிடம் சொல்லுங்கள். அவர் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சொல்லட்டும். நானும் இருப்பேன். குறுக்கே பேசமாட்டேன்.

தம்பி
வெள்ளவத்தை