இடது பக்கம் இழுக்கும் பிஸ்டல்

போன சனிக்கிழமை என்னுடைய பிஸ்டலை விலைக்கு வாங்க ஒரு பெண் வந்தார்.

பதறாதீர்கள், பிள்ளைகளே! பல்கனிக் கறிவேப்பிலை, பனிச்சறுக்கலில் விழுந்து எழும்பியது என்று ஒவ்வொரு கிழமையும் உங்களோடு கதைக்கிற மாமாவிடம் பிஸ்டலா? ஓம். உண்மையான பிஸ்டல்தான். இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் நிற்கும் இலக்கு அட்டையில் ஓட்டை போடுவதற்கு... அதற்கு மட்டும்.

இது வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். தோட்டாக்கள் வேறொரு பெட்டியில். சாவி எங்கே என்று என் மகள் ஆரணிக்கே தெரியாது. உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

என் மனைவி சுகந்திக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வாங்கி வந்த அன்றே கேட்டுவிட்டார்.

"இஞ்சருங்கோ, துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து காசு குடுத்து அதையே வாங்கி வைச்சிருக்கிறியளே... உங்களுக்கு என்ன, மூளை கழண்டிட்டுதோ?"

நியாயமான கேள்வி.

நடந்தது இதுதான். நான் ரெனான் நகர பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவன். கூட வேலை செய்யும் ரொஜே துப்பாக்கிச் சூட்டுக் கழகக்காரன். இந்த நாட்டில் ஊருக்கு ஊர் சூட்டுக் கழகம் உண்டு. சனிக்கிழமை வருவார்கள், சுடுவார்கள், பிறகு சொசேஜ் வாட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமையும் சிவப்புக் கடவுச்சீட்டும் கிடைத்த வருடம் ரொஜே சொன்னான்: "இனி நீயும் எங்கட ஆள். வா."

போனேன். பிடித்துப்போனது. ஏன் தெரியுமா? அங்கே ஒருவரும் ஒருவரையும் சுடுவதில்லை! மூச்சைப் பிடித்து, கண்ணைக் குவித்து, ஒரு கறுப்பு வட்டத்தை மட்டும் பார்க்கிறோம். வேலை, வாடகை, குளிர் எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு மறந்துபோகும்.

ஆகவே ஒரு பிஸ்டல் வாங்கினேன். நூறு வருடத்துக்கு முன்னர் அமெரிக்க இராணுவத்துக்கென்று செய்த, பேர்போன மாதிரி. அசல் வாங்க என் சம்பளத்துக்கு ஏலாது. நகல்தான் வாங்கினேன். வேறொரு நாட்டில் அதேமாதிரி செய்து மலிவாக விற்கிறார்கள். பிடி வால்நட் மரம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால்... பிளாஸ்டிக்! அதிலே மரக்கோடு வரைந்திருந்தார்கள்.

இருந்தாலும் கையில் எடுத்தால், அந்தப் பாரமும் அந்தப் பழைய வளைவும்... என்ன வடிவு!

ஒரேயொரு குறை. நான் நடுவைப் பார்த்துச் சுட்டால், அது கீழே இடது பக்கம் போகும். எப்போதும் கீழே. எப்போதும் இடது. ரொஜே ஒவ்வொரு சனியும் நக்கலடிப்பான்: "என்ன, உன்ர நகல் இண்டைக்கும் இடதுசாரியோ?" கோடை முழுக்க இதே கதை. கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு அணி தெரிவுசெய்தபோது எனக்குக் கிடைத்த பதவி — சொசேஜ் வாட்டுவது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மலிவுச் சாமான் என்றால் இப்படித்தான்! இதை விற்றுத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் சேர்த்து நல்ல ஒன்று வாங்குவோம் என்று முடிவெடுத்தேன். கழக அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்கு ஆரணி பிரெஞ்சில் எழுதித் தந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

"அப்பா, இடது பக்கம் இழுக்குமெண்டும் எழுதவோ?"

"எழுதம்மா. வாங்கிற சனத்தை ஏமாத்தக் கூடாது."

அதைப் பார்த்துத்தான் மிஷேல் கழகத்துக்கு வந்தார். மோர்ஜ் நகரில் கார் ஓட்டப் பழக்குகிற ஆசிரியை. ஐம்பது வயதிருக்கும். வாங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆனால் கதைக்கிற வேகம்... அப்பப்பா! என் பிரெஞ்சு பஸ் கழுவும் பிரெஞ்சு. 'வாளி', 'சவர்க்காரம்', 'நாளைக்கு லீவு' வரைக்கும் தடையில்லாமல் ஓடும். அதற்கு மேல் ஆரணிதான் மொழிபெயர்ப்பாளர். அவள் சுடுமிடத்துக்குப் பின்னால், வாங்கு இருக்கையில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு இருந்தாள்.

"வாங்க முதல் ஒருக்கா சுட்டுப் பாக்கலாமோ எண்டு கேக்கிறா."

"தாராளமாகச் சுடச் சொல்லு."

மிஷேல் ஐந்து வெடி வைத்தார். எல்லோரும் சுட்டு முடிந்ததும் அட்டையை எடுத்து வந்தோம்.

நடுவிலே ஐந்து ஓட்டை! ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து மூடிவிடலாம். இடது பக்கம் ஒன்றுமில்லை. கீழேயும் ஒன்றுமில்லை.

"வாங்கிறன் எண்டு சொல்லுறா, அப்பா. நல்ல பிஸ்டலாம்."

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்தானே? நல்ல பிஸ்டலா? என்னுடையதா? அதையா நான் இவ்வளவு நாளும் திட்டினேன்? மிஷேல் பேனையை எடுத்துப் பத்திரத்தை மேசையில் விரித்தார். எனக்குக் கை வரவில்லை.

"என்ன அப்பா, முகம் இப்பிடிப் போகுது? விக்கிறன் எண்டு சொன்னனீங்கள்தானே?"

"ஓம், சொன்னனான்."

"சொன்னா விக்கத்தானே வேணும்?"

பிள்ளைகளே, இதுதான் பிள்ளை வளர்ப்பதில் உள்ள கரைச்சல். நாங்கள் சொல்லிக் கொடுத்ததை ஞாபகம் வைத்திருப்பார்கள்!

ஆரணி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிஷேலிடம் திரும்பி ஏதோ கடகடவென்று சொன்னாள். அவர் சிரித்தார்.

"என்னடி சொன்னனீ?"

"அப்பாவுக்கு இப்ப விக்க விருப்பமில்லை, ஆனா வெக்கத்தில சொல்லுறார் இல்லை எண்டு சொன்னனான்."

மானம் போய்விட்டது. மிஷேல் பேனையை மூடிவிட்டு, "நீங்கள் ஐந்து வெடி வையுங்கள், பார்ப்போம்" என்று சைகை காட்டினார். வைத்தேன். ஐந்தும் கீழே இடது.

அவர் தன் பையிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு போலித் தோட்டாவை எடுத்தார். அதற்குள் மருந்து கிடையாது, பயிற்சிக்கு மட்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு, அதை உண்மையான தோட்டாக்களோடு கலந்து, தோட்டா அடுக்கும் மகசினுக்குள் போட்டார். எத்தனையாவதாகப் போட்டார்? எனக்குத் தெரியாது.

முதல் வெடி — டும். இரண்டாவது — டும். மூன்றாவது...

கிளிக்.

சத்தம் வரவில்லை. ஆனால் என் கையும் பிஸ்டலும் கோழி கொத்துகிற மாதிரி ஒரேயடியாகக் கீழே, இடது பக்கம் குத்தி நின்றன! வெடி இல்லை, உதைப்பு இல்லை. பிறகு யார் இழுத்தது? நான்தான்.

ரொஜே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆரணி சிரிக்கவில்லை.

"அப்பா... நீங்கள் சத்தத்துக்கு முதலே பயப்பிடுறீங்கள்."

அவளுக்கு நான் சொல்லாத ஒன்று இருந்தது. அன்றுதான் சொன்னேன். எட்டு வயதில் என் உடம்பு ஒரு பாடம் படித்தது. சத்தம் கேட்க முதலே குனி. அம்மா என் தலையைப் பிடித்து நிலத்தோடு அமத்திப் பழக்கிய பாடம். பள்ளிக்கூடப் படிப்பில் நான் சுமார்தான். பத்தாம் வகுப்பு முடிந்து எழுதும் ஓ/எல் சோதனையோடு நின்றவன். ஆனால் அந்த ஒரு பாடத்தில் மட்டும் எனக்கு நூற்றுக்கு நூறு. இத்தனை வருடம் போயும் என் கை அதை மறக்கவில்லை.

ஆரணி அதை மிஷேலுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். மெல்ல, ஒவ்வொரு சொல்லாக. ரொஜே சிரிப்பதை நிறுத்தினான்.

மிஷேல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அப்பா, அவாவுக்கு நாலு மணிக்கு ஒரு மாணவன் கார் பழக வாறானாம். அதுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்காம். அதுக்குள்ள ஒருக்கா எண்டாலும் உங்கட கை ஆடாமல் கிளிக் வந்தா, பிஸ்டல் உங்களுக்கு. வராட்டி தனக்காம். சரியோ?"

"சரி!" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த ஒரு மணித்தியாலம்... வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை. சுடுவேன், கிளிக் வரும், கோழி கொத்தும். மறுபடியும் சுடுவேன், மறுபடியும் கொத்தும். மிஷேல் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, ஆரணி மொழிபெயர்த்தாள்.

"கார் பழகிறவையும் இப்பிடித்தானாம். ஒண்டும் வராத ரோட்டில பிரேக் அடிப்பினமாம். விசையை இழுக்காதேங்கோ, மெல்ல மெல்ல அமத்துங்கோ எண்டு சொல்லுறா. எப்ப வெடிக்கும் எண்டு உங்களுக்கே தெரியக் கூடாதாம்."

"அது எப்பிடியம்மா தெரியாமல் அமத்திறது?"

ஆரணி யோசித்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது.

"அப்பா! வெள்ளிக்கிழமையில நீங்கள்தானே இடியப்பம் பிழியுறனீங்கள்? வெடுக்கெண்டு அமத்தினா மா அறுந்துபோகுமெண்டு என்னைப் பேசுவீங்களே? அப்பிடிப் பிழியுங்கோவன்!"

மிஷேல் ஆவலாகக் கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று. "சமையல் குறிப்பு" என்றாள் மகள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடைசி மகசின். நான் கறுப்பு வட்டத்தைப் பார்த்தேன். அங்கே இடியப்பத் தட்டு தெரிந்தது! இடியப்ப உரலைப் பிடிப்பதுபோலப் பிடித்தேன். ஒரே சீராக... மெல்ல... மெல்ல...

டும். அட, இது எப்போது வெடித்தது?

மறுபடியும் பிழிந்தேன். மெல்ல... இன்னும் கொஞ்சம்...

கிளிக்.

பிஸ்டல் அசையவில்லை. ஒரு மயிரிழைகூட. பிஸ்டலை இலக்கை நோக்கி வைத்தபடியே நின்றேன். சத்தம் வராவிட்டாலும் அப்படித்தான் நிற்க வேண்டும், அது கழகத்துச் சட்டம். எனக்குப் பின்னால் ஆரணி போட்ட கூச்சல் காது மூடியையும் தாண்டிக் கேட்டது.

"அப்பா! ஆடேல்லை! ஆடேல்லை!"

நான் பிஸ்டலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். மிஷேல் அனுமதிப் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ரொஜே என் முதுகில் அடித்த அடியில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. போகும்போது மிஷேல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இடியப்பம் எண்டா என்ன எண்டு கேக்கிறா, அப்பா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லிப்போட்டன்."

சுகந்தி கதவைத் திறந்ததும் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு ஆரணி கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டார்.

"விக்கக் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்திட்டியள். அது போதாதெண்டு வாங்க வந்த மனிசியையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வைச்சிருக்கிறியள்!" என்றார். ஆனால் அன்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்தது அவர்தான். முதல்முறையாக.

பிள்ளைகளே, கணக்குப் பிழைத்தால் கல்குலேட்டரையும், கோல் விழாவிட்டால் சப்பாத்தையும் திட்டுகிறோம். திட்டுவதற்கு முன், அதையே இன்னொருவர் கையில் ஒருதரம் கொடுத்துப் பாருங்கள். நான் கொடுத்துப் பார்த்தபடியால்தான் தப்பினேன்.

ஆரணி அன்றைய அட்டையைத் தன் அறையில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதில் ஓட்டைகள் நிறைய. ஆனால் நான் இதுவரை வைத்த வெடிகளிலேயே திறமான வெடிக்கு அதில் அடையாளமே இல்லை — அதுதான் வெடிக்கவே இல்லையே!