அச்சு அசலாக ஒரு கையெழுத்து

என் சின்னம்மா மகள், எனக்கு அக்கா முறை, பதினேழு வருடமாகப் பிறர் கையெழுத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறாள். ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் ஆறாவது மாடியில், ஜன்னல் இல்லாத பக்கத்தில் அவள் மேசை. அதன்மேல் இரண்டு திரைகள். இடது திரையில், வாடிக்கையாளர் சேர்ந்த நாளில் போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்து. வலது திரையில், இன்று வந்த படிவத்தில் இருப்பது. இரண்டும் ஒரே கையா என்று பார்த்து ‘சரி’ அல்லது ‘திருப்பு’ பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு படிவம். அலுவலகத்தில் அவளுக்கு ‘லென்ஸ்’ என்று பெயர்.

வீட்டிலும் அந்தக் கண் ஓய்வதில்லை. மகளின் மதிப்பெண் அட்டையில் அத்தான் போட்ட கையெழுத்தையே ஒருமுறை சந்தேகப்பட்டாள்.

“இது நீங்க போட்டதா, அவளே போட்டுக்கிட்டாளா?”

“நான்தான் போட்டேன், தாயே.”

“அப்போ சுழி ஏன் இந்தப் பக்கம் போகுது?”

“வண்டில உக்காந்து போட்டேன். பின்னால இருக்கிறவன் ஹாரன் அடிச்சான், சுழி பயந்து ஓடிடுச்சு.” அத்தான் பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

அவள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, பத்து வேலை நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும். வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள். அந்த நாட்களில் நுழைவு அட்டை வேலை செய்யாது. அலுவலக ஆட்களிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. விடுப்பில் போனவரின் மேசையில் வேறொருவர் உட்கார்வார். பாசத்தில் கொடுக்கும் ஓய்வு என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். யாராவது எதையாவது மூடி மறைத்திருந்தால், ஆள் இல்லாத நேரத்தில் அது தானாக வெளியே வரும் என்பதுதான் யோசனை. விடுப்பில் இருந்துகொண்டு, ‘அந்தப் படிவம் என்ன ஆச்சு?’ என்று போன் செய்பவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

போன வருடம் அந்த விடுப்பின் முதல் சனிக்கிழமை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஜோடித் தலையணை உறைகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். ஓரத்தோடு ஓரம், பூவோடு பூ, துளி பிசகாமல் உட்கார்ந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“என்னங்க, நேத்து சாயங்காலம் கடைசியா ஒரு கையெழுத்து பார்த்தேன். ரொம்ப நல்லா பொருந்தி இருந்துச்சு.”

“சந்தோஷம்.”

“அதுதாங்க தப்பு.”

அத்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “பதினேழு வருஷமா பொருந்தலேன்னு திட்டுவ. இப்ப பொருந்துதுன்னு திட்டுறியா?”

எந்த மனிதனும் தன் பெயரை இரண்டு முறை ஒரே மாதிரி எழுத மாட்டான். ஒரு கொம்பு நீளும், ஒரு புள்ளி நகரும். அப்படி மாறுவதுதான் உயிருள்ள கையின் அடையாளம். ஒன்றின் மேல் ஒன்று அச்சு அசலாக உட்கார்ந்தால், யாரோ அசலை அடியில் வைத்து வரைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது. விடுப்புக்கு முந்தைய மாலையில், கண் எரிய, ‘அப்பாடா, இது ஒண்ணாவது நேரத்தைத் தின்னல’ என்று ‘சரி’யைத் தட்டிவிட்டாள்.

“என்ன படிவம் அது?”

“போன் நம்பர் மாத்துறது. எழுபத்தெட்டு வயசுப் பெரியவர். நம்பர் திருடன் கைக்குப் போயிட்டா ரகசிய எண்ணெல்லாம் அவனுக்குத்தான் வரும். அந்த மனுஷனைத் துடைச்சு எடுத்துடுவான். திங்கக்கிழமை காலைல நம்பர் மாறிடும்.”

“மேலாளருக்குச் சொல்லிடு.”

“லீவுல இருந்து பேசினா என் வேலைக்கே உலை. நானும் திருடனுக்குக் கூட்டுன்னு நினைப்பாங்க.”

“அப்ப சும்மா இரு.”

“எப்படிங்க இருக்கிறது?”

அத்தான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்குமே, அதுக்குப் பண்ணேன்.”

தன் நிறுவனத்துக்கு அவள் வெளியாளாகப் போன் செய்தது அன்றுதான். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, பிறகு பாட்டு. நிமிடத்துக்கு ஒருமுறை, ‘நீங்கள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவர்’ என்றது பதிவுக் குரல்.

“கேட்டியா?” என்றார் அத்தான். “பதினேழு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வாயத் திறந்து சொல்லியிருக்காங்க.”

நாற்பதாவது நிமிடத்தில் ஒரு பெண் லைனில் வந்தாள். “உங்க வாடிக்கையாளர் எண் சொல்லுங்க மேடம்.”

“நான் வாடிக்கையாளர் இல்லம்மா. உங்க ஆறாவது மாடில வேலை பாக்குறேன். ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

அக்கா தன் ஊழியர் எண்ணைச் சொன்னாள். “நேத்து சாயங்காலம் நான் கடைசியா ‘சரி’ போட்ட படிவம். அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க.”

“மேடம், இந்தப் பேச்சு பதிவாகுது.”

“தெரியும்மா. ஆகட்டும்.”

சொல்லியாகிவிட்டது. ஆனால் என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்க முடியாது. மிச்ச விடுப்பு முழுவதும் தூக்கம் இல்லை. எனக்குப் போன் செய்து அடுப்படியில் கிசுகிசுப்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று ராஜினாமாக் கடிதம் எழுதினாள். சரியாக வரவில்லை என்று கிழித்து, நான்கு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான்கும் நான்கு மாதிரி இருந்தன என்று அத்தான் எடுத்துக் காட்டினார்.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை வாசலில் அட்டையை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பாதி உயிர் வந்தது. மேலே போனதும் மேலாளர் அறைக்கு அழைத்தார். வந்த பாதியும் மறுபடி போயிற்று.

“உக்காருங்க. அன்னைக்கே படிவத்தை நிறுத்திட்டாங்க. பழைய நம்பருக்குக் கூப்பிட்டாங்க. பெரியவரே எடுத்தாராம்.”

“அது அவர் போட்டது இல்லதானே சார்?”

“அவர் போட்டதுதான்.”

அக்காவுக்குப் புரியவில்லை.

“அவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்திருக்கு. கை நடுங்குது. மகன் வீட்டுக்குப் போயிட்டாரு, நம்பர் மாத்தணும். ரெண்டு தடவை அனுப்பினாரு. ரெண்டும் ‘கையெழுத்து பொருந்தவில்லை’ன்னு திரும்பிப் போச்சு. மூணாவது தடவை, சேர்ந்த அன்னைக்கு நம்மகிட்ட போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோட நகலைத் தேடி எடுத்து, ஜன்னல் கண்ணாடில ஒட்டி, அதுமேல படிவத்தை வச்சு, ஒரு கையால மறு கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு மணி நேரம் புள்ளி புள்ளியா வரைஞ்சிருக்காரு. தன் கையெழுத்தைத் தானே திருடியிருக்காரு மனுஷன்.”

“அந்த ரெண்டையும் திருப்பினது யாரு சார்?”

மேலாளர் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டிலும் அவள் ஊழியர் எண்.

“என் வேலை?” என்றாள்.

“தணிக்கைக்காரங்க உங்க பேச்சை ரெண்டு தடவை போட்டுக் கேட்டாங்க. பத்து நாள் உங்க மேசையைக் குடைஞ்சு கிடைச்சது இந்த ஒரு தப்புதான். அதையும் நீங்களே சொல்லிட்டீங்க. போய் வேலையப் பாருங்க.”

பதினொரு மணிக்குப் பெரியவரின் புதிய மாதிரிக் கையெழுத்து வந்தது. கிளை அதிகாரி முன்னால் உட்கார்ந்து மூன்று தடவை போட்டது. ஒன்று கோட்டை விட்டு இறங்கியிருந்தது, ஒன்றில் பாதிப் பெயர்தான் இருந்தது, ஒன்று காற்றில் ஆடும் நூல். அக்கா பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தாள். கூடவே வந்த படிவத்தில் நான்காவதாக வேறொரு விதம். ‘சரி’யை அழுத்தினாள்.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். மூன்று நிறுத்தம் தாண்டிக் கண் விழித்து, இறங்கி, அத்தானுக்குப் போன் செய்தாள்.

“பத்து நாள் லீவுல கண்ணு மூடல. வேலைக்குப் போன அன்னைக்குத் தூங்குறியா?” என்றார் அவர். “அங்கேயே நில்லு, வர்றேன்.”

வேன் வருவதற்குள் நிழற்குடையில் இன்னொரு தூக்கம் போட்டிருந்தாள்.